காலிப் பாட்டிலில் மல்லிகை

எழுத்துப் பலகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. லென்ஸ் மாற்றுவதையும், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைப்பதையும் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். கண் மருத்துவ உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் மூக்கைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள். சிரித்தவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாறி மாறி வேலை பார்த்தவள் நான். உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். வந்தவர் நாற்காலியில் உட்காரும் முன்பே கேள்வியை ஆரம்பித்துவிடுவேன். "தூரத்துல மங்குதா? சர்க்கரை இருக்கா? தலைவலி உண்டா?" ஆமாம், இல்லை, ஆமாம். அதற்குள் சீட்டு எழுதியாகிவிடும். ஆலத்தியூர்ப் பக்கம் இருந்தபோது சிமென்ட் வேலைக்குப் போகிறவர்கள் கண்ணில் தூசியோடு ஓடி வருவார்கள். இமையைத் திருப்பி, தூசியை எடுத்து, வலிக்குதுங்க என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் எழுப்பி அனுப்பிவிடுவேன். கை வேகமான அம்மா என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு அத்தர்க்கடை பாய் இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வளைகுடாவில் பல வருஷம் அத்தர்க்கடையிலேயே வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை போட்டவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். கடைக்கு வருகிறவர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவித்தான் அனுப்புவார். கொரோனா ஆர்ப்பாட்டமெல்லாம் அடங்கி ஊர் பழையபடி ஆகியிருந்த சமயத்தில், நான் வாரத்தில் ஒருநாள் போய்ப் பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு அவர் வந்தார். எனக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்கூடப் பாக்கி இல்லை.

அவர் உள்ளே வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. ஒரு சொட்டு இரண்டு சொட்டு இல்லை, அரைப் பாட்டிலாவது இருக்கும். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குத் தும்மல் நிற்கவில்லை.

"என்ன பாய், கடையையே மேல ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்றேன்.

"கம்மியாத்தான் போட்டேன் டாக்டரம்மா" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் டாக்டரம்மா என்று கூப்பிட்ட யாரையும் நான் திருத்தியதில்லை. நீங்களும் திருத்த மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வலது கண்ணில் மப்புத் தட்டின மாதிரி இருக்கிறது என்றார். பலகையில் பாதிக்குக் கீழே திணறினார். ஊசித்துளை போட்ட தட்டை வைத்துப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியால் தீருகிற குறை என்றால் அந்தத் துளை வழியாக எழுத்துத் தெளிய வேண்டும். தெளியவில்லை. அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். புரை ஆரம்பம் என்று எழுதி, கண்ணாடிக்கும் ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கண்ணுக்குள் வெளிச்சம் விட்டு நரம்பின் முனையைப் பார்க்கிற கருவி என் பையிலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தால் இரண்டு நிமிஷம். வெளியே வரிசை வாசல்வரை நின்றது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை கூட அவர் மனைவியும் வந்திருந்தார். கண்ணாடி போட்டும் கண் அப்படியேதான் இருக்கிறது என்றார் பாய். மனைவிக்கு வேறு குறை.

"பால் பொங்கி, அடிபுடிச்சு, வூடெல்லாம் பொகைங்க. இவரு அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஏங்க, தீயிற வாசம் தெரியலையாங்குறேன், வரலையேங்குறாரு."

பாய் மனைவியை முறைத்தார். அவர் முறைத்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் என் வாயைக் கவனியுங்கள். வாசனை எப்போது போனது என்று நான் கேட்கவில்லை. "கொரோனா வந்துச்சுல்ல பாய்?" என்று கேட்டேன்.

ஒரு கணம் என்னையே பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

"அதான். நானும் மூணு மாசம் காப்பிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாம கெடந்தேன். வந்துரும், பயப்படாதீங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என் பேச்சின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அதற்குள் லென்ஸை மாற்ற ஆரம்பித்துவிட்டேன். "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக் கேட்டு இரண்டாவது கண்ணாடிச் சீட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் இருக்கும். அந்த அம்மாள் மட்டும் தனியாக வந்தார். வரிசையில் நிற்காமல் நேரே என் மேஜைக்கு வந்து நின்றார். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு. கண்ணு தெரியாமதான் பாட்டிலை மாத்தி எடுத்துட்டாருன்னு."

"என்ன பாட்டிலு? சீட்டு எழுதிக் குடுக்குறதெல்லாம் என் வேலை இல்லம்மா" என்று எரிந்து விழுந்தேன். வெளியே அன்றைக்கும் வரிசை.

அவர் போகவில்லை. நின்றபடியே சொன்னார். நான்கு நாள் முன்னால் தெரிந்தவர்கள் வீட்டில் நிக்காஹ். வருகிறவர்கள் கையில் அத்தர் தடவி வரவேற்க எப்போதும் பாயைத்தான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளை கையில் தொடங்கி வரிசையாகத் தடவிக்கொண்டு போயிருக்கிறார். பந்தலில் ஒரு பெரியம்மா கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அல்லாவே, இது மையத்து வாசமுல்ல" என்று கத்தியிருக்கிறார். இறந்தவர் உடம்புக்குப் போட என்று தனியாக வைத்திருக்கும் கற்பூரக் கலவை அது. மாப்பிள்ளை கையில் அதுதான் இருந்தது.

"அது தெரியாம நடந்ததுன்னு எல்லாரும் வுட்டுருப்பாங்கங்க. ஆனா இவரு சிரிச்சுட்டாரு. 'எல்லாரும் ஒருநா போட்டுக்கப் போறதுதானே'ன்னு சொல்லிக் கெக்கெக்கேன்னு சிரிக்கிறாரு. என் புருசன் அப்புடிப் பேசுற ஆளே இல்லைங்க. பொண்ணு வூட்டுல அழுவுறாங்க. ஜமாஅத்துல கூப்புட்டு விட்டுருக்காங்க. எங்கண்ணன், இவருக்குப் புத்தி பெரண்டு போச்சு, தர்காவுக்குக் கூட்டிக்கிட்டுப் போவோங்குறாரு."

எனக்கு எங்கேயோ உறுத்தியது. "லேபிள் தெரியலையா அவருக்கு?"

"எந்தப் பாட்டிலுக்குங்க லேபிளு ஒட்டிருக்கு? அவருக்கு எதுக்கு லேபிளு? கண்ணை மூடிக்கிட்டு எடுப்பாரு. பெருநாளைக்குத் தூசி தட்டுறேன்னு அலமாரியை நான்தான் மாத்தி அடுக்கிட்டேன். நான்தான் பாவி."

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மனிதர், இடத்தை நம்பி எடுத்திருக்கிறார். மூக்கைக் கேட்கவே இல்லை. அன்றைக்கு அரைப் பாட்டில் ஊற்றிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. கம்மியாகத்தான் போட்டேன் என்று அவர் சொன்னது பொய் இல்லை. அவருக்கு அது எட்டவே இல்லை.

என் சர்வீஸிலேயே அன்றைக்குத்தான் பதிலை நானே சேர்த்துக் கொடுக்காத கேள்வி ஒன்று கேட்டேன் என்று நினைக்கிறேன். "எப்பலேருந்தும்மா அவருக்கு வாசம் தெரியல?"

"எங்க சின்னப் பொண்ணு நிக்காஹ் அப்பவேங்க. பிரியாணி தம்மு அடிபுடிச்சது தெரியாம பக்கத்துலயே நின்னாரு. ஜலதோஷம்னாரு. அதுக்கப்புறம்தானே கொரோனாவே வந்துச்சு."

"அதுக்கும் முன்னாடியா? கொரோனாவுல போச்சுன்னாரே?"

"கொரோனா எனக்குத்தாங்க வந்துச்சு. அவருக்கு வரவேயில்ல. அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்க லென்சு மாத்திக்கிட்டு இருந்தீங்க."

வரிசையில் இருந்தவர்களை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளோடு பஸ் ஏறினேன். திட்டித் தீர்த்தார்கள். பஸ்ஸில் உட்காரவும் முடியவில்லை எனக்கு, நின்றுகொண்டே போனேன்.

நான் எதற்குப் பதறினேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். மூக்கின் உச்சியிலிருந்து கிளம்பும் மெல்லிய நார்கள் சல்லடை மாதிரி ஓட்டை உள்ள ஓர் எலும்பு வழியாக மேலே ஏறும். ஏறினதும் மூளையின் அடிப்பக்கத்தில் முகர்ச்சிக் குமிழ் இருக்கிறது, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. தீக்குச்சியும் அதன் தலையும் எப்படியோ அப்படித்தான் அளவும் உருவமும். வாசனை என்று நாம் சொல்வதெல்லாம் முதலில் அங்கே வந்து, அப்புறம்தான் மூளைக்குள் போகிறது. இப்போது அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். கீழே இரண்டு கண்குழி. மேலே மூளையின் முன்பகுதி, நம்முடைய வெட்கம், மரியாதை, இடம் பொருள் பார்த்துப் பேசுவது எல்லாவற்றுக்கும் காவல் அது. பின்னால் கண் நரம்புகள். அந்த இடத்தில் ஒரு கட்டி மெதுவாக வளர ஆரம்பித்தால் முதலில் போவது வாசனை. அடுத்து குணம். அதற்கும் அப்புறம்தான் கண். பாய் என்னிடம் வந்து சேர்ந்தது மூன்றாவது கட்டத்தில். நான் கண்ணாடி எழுதிக்கொண்டிருந்தேன்.

கடையில் பாய் சிரித்த முகமாக வரவேற்றார். வரும் வழியில் வாங்கிய காப்பித்தூளையும் கிராம்பையும் பையிலிருந்து எடுத்தேன். "இது என்ன வாசம் பாய்?" என்று நீட்டினேன்.

"காப்பித்தூளு."

"இது?"

"கிராம்பு. நானென்ன சின்னப்புள்ளையா டாக்டரம்மா?"

சொன்னால் வெட்கம்தான், எனக்கு அப்பாடா என்று இருந்தது. தப்பாக நினைத்துவிட்டோம், வீட்டுக்குப் போய்விடலாம். பையை மூடியும் விட்டேன். அப்புறம்தான் ஒன்று உறைத்தது. இரண்டு தடவையும் அவர் மூக்குக்குக் கொண்டுபோவதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். பார்த்துச் சொன்னார். முகர்ச்சிப் பரிசோதனையில் நான் மறுபடியும் கண்ணைத்தான் பரிசோதித்திருக்கிறேன்.

"கண்ணை மூடிக்குங்க பாய்."

"எதுக்குங்க?"

"மூடுங்க."

மூடினார். அவர் அலமாரியில் புதிதாக வந்து அடுக்கியிருந்த காலிப் பாட்டில் ஒன்றை எடுத்து, சத்தம் கேட்கும்படி மூடியைத் திருகி, அவர் மூக்குக்குக் கீழே பிடித்தேன். ஒன்றுமே இல்லாத பாட்டில். பாய் நிதானமாக, அனுபவித்து, மூச்சை இழுத்தார்.

"மல்லி" என்றார். "நம்ம சரக்குதான். ஒசத்தி."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பாய் கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"வெளிய சொல்லிராதீங்க டாக்டரம்மா. அத்தர்க்காரனுக்கு மூக்கு இல்லைன்னா எவன் வருவான்? பொழப்பே போயிரும்."

கடையின் பின்னறையை இருட்டாக்கி, ஐந்து மாதம் முன்னால் எடுத்திருக்க வேண்டிய கருவியை அன்றைக்கு எடுத்தேன். வலது கண்ணில் நரம்பின் முனை சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. இடது கண்ணில் அதே முனை வீங்கி, ஓரம் தெரியாமல் கலங்கியிருந்தது. ஒரு பக்கம் செத்துக்கொண்டிருக்கிறது, மறு பக்கம் நெருக்கடியில் இருக்கிறது. இடது கண் அவருக்கு இன்னும் நன்றாகவே தெரிந்துகொண்டிருந்தது. அதையாவது பிடித்து நிறுத்த வேண்டும்.

வெளியே வந்து, எனக்கு மேலிருந்த கண் டாக்டருக்குப் போன் போட்டேன். பாதி சொல்வதற்குள், "ஏம்மா, கொரோனாவுக்கு அப்புறம் எத்தனையோ பேருக்கு மூக்கு இப்புடித்தான் இருக்கு" என்றார். என் வாயிலிருந்து வந்த அதே பேச்சு.

"சார், அவருக்குக் கொரோனா வரவே இல்ல. வலது நரம்பு வெளுத்திருக்கு, இடது வீங்கியிருக்கு. ஆளோட குணமும் மாறிப்போயிருக்கு."

"இன்னிக்கே திருச்சிக்கு அனுப்புங்க. நான் அங்க பேசிடுறேன்" என்றார்.

அனுப்புவது அவ்வளவு லேசாக இல்லை. பாயின் மச்சான், அந்த அம்மாளின் அண்ணன், வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, பயந்தவர். வியாழக்கிழமை தர்காவுக்குப் போய் ஓதிப் பார்க்கலாம், பாயின் மகன் துபாயிலிருந்து அடுத்த மாதம் வருகிறான், அவன் வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும் என்றார். "பொம்பளைங்க தனியா என்ன முடிவு பண்ணுறது?" என்றும் சொன்னார்.

ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. கட்டி என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. நான் நினைத்தது தப்பாக இருந்தால், ஒரு குடும்பத்தைக் கலங்கடித்து ஓட விட்டவள் ஆவேன். சரியாக இருந்து, நான் மென்று முழுங்கினால், அடுத்த மாதத்துக்குள் அந்த இடது கண்ணும் போய்விடலாம். இரண்டில் எதற்குத் தலை குனிவது என்று பார்த்தேன். தப்பாகிப் போனால் குனிந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

"தர்காவுக்குப் போக வேணாம்னு நான் சொல்லலைங்க. திருச்சிக்குப் போயிட்டு வந்து போங்க" என்றேன் மச்சானிடம். அப்புறம் அந்த அம்மாள் பக்கம் திரும்பினேன். "புள்ள வர்றப்ப, அத்தாவுக்கு அவன் மொகம் தெரியணுமா வேணாமா?"

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டார். "கார் சொல்லுங்கண்ணே" என்றார்.

கார் வருவதற்குள் பரிந்துரைச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். இதுவரை செய்த சிகிச்சை என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே வந்து பேனா நின்றுவிட்டது. ஓய்வுக்குச் சில மாதம்தான் பாக்கி. காலியாக விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அங்கே பார்க்கிற டாக்டருக்கு, இது எத்தனை மாதமாக வளர்கிறது என்று தெரிந்தாக வேண்டும். "இரண்டு முறை கண்ணாடி கொடுத்தேன். கண் நரம்பைப் பார்க்கவில்லை. வாசனை இழப்பைக் கொரோனா என்று நானே எடுத்துக்கொண்டேன். வாசனை கொரோனாவுக்கு முன்பிருந்தே இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு கோணலாக என்றைக்கும் வந்ததில்லை.

அந்த அம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்தார். "நிக்காஹ் வூட்டுல இதைக் காட்டலாங்களா?"

"காட்டுங்க" என்றேன். வேண்டாம் என்று விரட்டிய சீட்டைத்தான் கடைசியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

எலுமிச்சம்பழம் அளவுக் கட்டி. புற்று இல்லை. எடுத்துவிட்டார்கள். இடது கண் தப்பியது. வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வாசனை திரும்பவில்லை, இனிமேல் திரும்பவும் திரும்பாது. குணம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. திரும்பியதும் அந்த மனிதர் செய்த முதல் காரியம், கட்டுத் தலையோடு நிக்காஹ் வீட்டுக்குப் போய், பந்தலில் சிரித்ததற்காக மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. தான் சிரித்தது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏன் சிரித்தோம் என்பதுதான் தெரியவில்லை.

என் மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை என் மனசு கொஞ்சம் அடங்கியிருக்குமோ என்னவோ. இன்றைக்கும் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தால், கண்ணை மூடி, ஒவ்வொரு மூக்குத் துளையாக அடைத்து, முகர்ந்து பார்க்காமல் என்னால் டிக்காஷன் போட முடிவதில்லை. வீட்டுக்காரருக்கும் செய்துவிடுவேன். திட்டிக்கொண்டே முகர்வார். உங்கள் பையில் காப்பித்தூள் ஒரு பாட்டில், கிராம்பு ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒரு காலிப் பாட்டிலும் இருக்கட்டும். ஊசித்துளையில் தெளியாத கண் எதுவாக இருந்தாலும் நரம்பைப் பாருங்கள், அப்படியே மூக்கையும் கேளுங்கள். கேட்கும்போது பதிலைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் அந்தக் கடைக்குப் போனேன். இப்போது மனைவி முகர்ந்து சொல்கிறார், பாய் விற்கிறார். பாட்டிலுக்கெல்லாம் லேபிள் ஒட்டியிருந்தது, பெரிய எழுத்தில். அந்த அம்மாள் உள்ளே டீ போடப் போன நேரம் பார்த்து, பாய் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரம்மா, மொதல்லயே கண்டுபுடிச்சிருந்தா இந்த வலது கண்ணு தப்பிச்சிருக்குமா?"

"நான் டாக்டர் இல்ல பாய்" என்றேன். வேலை பார்த்த காலம் முழுக்கச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். "தப்பிச்சிருக்கலாம்."

அவர் என் புறங்கையில் ஒரு சொட்டுத் தடவினார். "மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க. நீங்க கேட்டுருந்தாலும் நான் பொய்தான் சொல்லிருப்பேன்."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஊர் வரும்வரை கையிலிருந்து அந்த வாசனை வந்துகொண்டே இருந்தது. அவர் பொய் சொல்லியிருப்பார், அது வாஸ்தவம். அவர் மனைவி சொல்லியிருக்க மாட்டார். அன்றைக்கு அந்த அம்மாள் வாயைத் திறந்தார். நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்.